எல்பிஜி புல்லட் டாங்க்: வால்வு வால்வாகச் சுற்றிவந்து பராமரிப்பது எப்படி

கேஸ் யார்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே கேட்கிற கேள்வி, "இது வெடிக்குமா சார்?" என்பதுதான். கேரள எல்லைக்குள், வாளையார் தாண்டி கஞ்சிக்கோடு பக்கம் பவுடர் கோட்டிங், ஃபர்னஸ், பெரிய கேன்டீன் என்று ஏதாவது ஒன்று உள்ள கம்பெனிகளில் வேலிக்குள் ஒரு வெள்ளை புல்லட், அதாவது நீள உருளை வடிவ டாங்க், படுத்திருப்பதைப் பார்க்கலாம். அதைக் கவனித்துக்கொள்ளும் வேலை பெரும்பாலும் கோவையிலிருந்து காலை வண்டியில் வந்திறங்கும் நம் ஆட்கள் தலையில்தான் விழும். கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நெருப்பு சூழ்ந்துகொண்டால் வெடிக்கும். ஆனால் அந்தத் தடித்த இரும்பு ஓடு தானாக எந்த வம்புக்கும் போவதில்லை. அதில் போட்டிருக்கிற ஓட்டைகள் இருக்கின்றனவே, வால்வு, கேஜ், டிரெயின் என்று ஒவ்வொரு நாசிலும், தொல்லை முழுக்க அங்கிருந்துதான் வரும். அதனால் இந்த வழிகாட்டியில் டாங்கைச் சுற்றி ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்துக்கொண்டு போகலாம்.

உள்ளே இருப்பது என்ன

வெளிநாட்டு வீடியோக்களில் புரொப்பேன் டாங்க் என்பார்கள். நம் ஊரில் லாரியில் வந்து இறங்குவது பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்பிஜி. இரண்டுக்கும் குணம் வேறு. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும், பியூட்டேன் கிட்டத்தட்ட பூஜ்ஜியத்தில்தான் கொதிக்கும். 40 டிகிரி வெயிலில் சுத்தமான புரொப்பேன் 12, 13 பார் காட்டும், பியூட்டேன் 3 பாரைக்கூட எட்டாது, நம் கலவை இவற்றுக்கு நடுவில் எங்கோ நிற்கும். நம் ஊர் டாங்குகள் வழக்கமாக சதுர செ.மீ.க்கு 14.5 கிலோ டிசைன் பிரஷரில் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை. ஆகவே பர்ச்சேஸ்காரர் "இந்தத் தடவை புரொப்பேன் விலை கம்மியா வருது" என்று ஓடிவந்தால், முதலில் நேம்பிளேட்டையும் லைசென்ஸையும் எடுத்து அவருக்குக் காட்டுங்கள்.

ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் கேஸாக விரியும். காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம் என்பதால் மேலே போகாது, தரையோடு ஊர்ந்து கேபிள் டிரெஞ்ச், மழைநீர் வாய்க்கால், பள்ளம் என்று இறங்கும். காற்றில் ஏறக்குறைய 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். 2012 ஆகஸ்டில் கண்ணூர் சாலாவில் டேங்கர் கவிழ்ந்தபோது இப்படித்தான் கேஸ் தரையோடு பரவி வீடுகளுக்குள் போய், அதன் பிறகு தீப்பிடித்தது. யார்டைச் சுற்றி வாய்க்கால் மூடி எங்கெல்லாம் இருக்கிறது என்று இன்றைக்கே ஒரு நடை போய்ப் பாருங்கள்.

நிறையப் பேர் குழம்புகிற இன்னொரு விஷயம்: பிரஷர் கேஜைப் பார்த்து எவ்வளவு கேஸ் மிச்சம் என்று சொல்ல முடியாது. உள்ளே ஒரு டன் திரவம் இருந்தாலும் ஒன்பது டன் இருந்தாலும் பிரஷர் ஒன்றுதான். அது கலவையையும் வெப்பநிலையையும் மட்டும் பொறுத்தது. காலையில் 4, மத்தியானம் 6 என்று முள் ஏறினால் யாரும் கேஸ் நிரப்பிவிட்டுப் போகவில்லை, வெயில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஓடு, சேடில், எர்த்திங்

1000 லிட்டர் தண்ணீர்க் கொள்ளளவைத் தாண்டினாலே பெசோ (மத்திய அரசின் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) லைசென்ஸ் வேண்டும். 2016-ஆம் ஆண்டின் எஸ்எம்பிவி விதிகள் (பிரஷர் டாங்குகளுக்கான விதிகள்) பொருந்தும். கட்டடத்திலிருந்தும் காம்பவுண்டு எல்லையிலிருந்தும் எவ்வளவு தள்ளி என்பது கொள்ளளவைப் பொறுத்தது: 2000-க்கு மேல் 10,000 லிட்டர் வரை 10 மீட்டர், 20,000 வரை 15 மீட்டர். லைசென்ஸ் வாங்கும்போது இந்த இடைவெளி ஒழுங்காகத்தான் இருக்கும். அப்புறம் சைக்கிள் ஸ்டாண்டு, ஸ்கிராப் ஷெட், செக்யூரிட்டி சேட்டனுக்கு மழைக்கு ஒரு கூரை என்று கொஞ்சம் கொஞ்சமாக யார்டை நோக்கி நகர்ந்து வரும். அதைத் தடுப்பதும் பராமரிப்பு வேலைதான். இது மத்திய விதி என்பதால் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றே. ஃபாக்டரி இன்ஸ்பெக்டர்தான் மாறுவார்: கேரளத்தில் ஃபாக்டரீஸ் அண்ட் பாய்லர்ஸ் துறை, தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். இரண்டு பக்கமும் யூனிட் உள்ள கம்பெனிகள் ரெக்கார்டைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

டாங்க் இரண்டு சேடில் (தாங்கு பீடம்) மேல் உட்கார்ந்திருக்கும். ஒன்று இறுக்கிப் பூட்டியது, மற்றது டாங்க் சூட்டில் நீளும்போது நகர வசதியாக நீள்துளை போட்டது. பெயின்ட் அடிக்க வருகிறவர்கள் நகரும் பக்கத்து போல்ட்டையும் இறுக்கிவிட்டுப் போவது அடிக்கடி நடக்கும். துரு முதலில் பிடிப்பதும் இங்கேதான். சேடில் தகடும் ஓடும் சேருகிற விளிம்பில் மழைத் தண்ணீர் தேங்கும், இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை மூன்று நான்கு மாதம் விடாமல் பெய்கிற ஊரில் அந்த விளிம்பு காயவே காயாது. ஜூன் பிறப்பதற்கு முன் அங்கே வயர் பிரஷ் போட்டு, பிரைமர் அடித்து, தண்ணீர் வழிந்தோட வழி இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை பெயின்ட் அழகுக்கு அல்ல, வெயிலைத் திருப்பி அனுப்ப. மங்கிப்போனால் கோடையில் பிரஷர் கேஜிலேயே வித்தியாசம் தெரியும்.

எர்த்திங் டாங்குக்குக் குறைந்தது இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். பைப் ஃபிளாஞ்சுகளுக்கு (போல்ட் போட்டு இணைக்கும் தட்டுகள்) குறுக்கே போட்ட ஜம்பர் பட்டைகளையும் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். செம்பு என்பதால் சில யார்டுகளில் அது காணாமலும் போகிறது.

திரவ லைன்

டாங்கின் அடியிலிருந்து வரும் திரவ லைன்தான் யார்டிலேயே ஆபத்தான பைப். கேஸ் கசிந்தால் கசிவுதான், திரவம் கசிந்தால் அது 250 மடங்கு. அதனால் டாங்கை ஒட்டியே எக்சஸ் ஃப்ளோ வால்வு, அதை அடுத்து தூரத்திலிருந்தே மூடக்கூடிய ஆர்ஓவி.

எக்சஸ் ஃப்ளோ வால்வைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஊரெல்லாம் உண்டு: லீக் வந்தால் அது மூடிக்கொள்ளும் என்று. பைப் உடைந்து, அதன் அளவைத் தாண்டிப் பாய்ந்தால்தான் அது மூடும். கேஸ்கெட் கசிவு, ஊசித்துளை எல்லாம் அதற்குத் தெரியவே தெரியாது. இன்னொன்று, அவசரத்தில் வால்வைச் சடாரென்று திறந்தால் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டு லைன் செத்துவிடும். அது பழுதில்லை, வால்வு தன் வேலையைச் செய்திருக்கிறது. சுத்தியலைத் தேடாமல், கீழ்ப்பக்க வால்வை முழுக்க மூடிவிட்டுக் காத்திருங்கள். இரண்டு பக்கமும் பிரஷர் சமமானதும் அதுவே திறந்துகொள்ளும். பிறகு மெதுவாகத் திறக்கவும்.

ஆர்ஓவி மாதம் ஒருமுறையாவது மூடித் திறந்து பார்க்க வேண்டியது. காற்றில் இயங்குவது என்றால் காற்று நின்றதும் தானாக மூட வேண்டும். ஏர் லைனைக் கழற்றிப் பாருங்கள், பேனல் பட்டனை மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டு ஓகே போடாதீர்கள்.

திரவ லைனில் இரண்டு வால்வுக்கு நடுவே திரவம் மாட்டிக்கொண்டால், வெயிலில் ஒரு டிகிரி ஏறினாலே பிரஷர் பல பார் எகிறும். அதற்காகத்தான் ஒவ்வொரு வால்வு ஜோடிக்கும் நடுவே ஒரு குட்டி தெர்மல் சேஃப்டி வால்வு. சின்னதாக இருப்பதால் ஆடிட்டில்கூட விட்டுப்போகும். எண்ணிக்கை எழுதி, நம்பர் தட்டி வையுங்கள்.

டிரெயின்: இங்கே மட்டும் கொஞ்சம் நிதானமாக

எல்பிஜியோடு கொஞ்சம் தண்ணீரும் வந்து சேரும். அது கனமானது, அடியில் தங்கும். அதை எடுக்க டாங்கின் அடியில் டிரெயின் லைனில் இடைவெளி விட்டு இரண்டு வால்வு. எந்த வால்வை எந்த வரிசையில் திறப்பது என்பதில்தான் உயிர் இருக்கிறது.

1966 ஜனவரி 4-ஆம் தேதி பிரான்சின் ஃபெய்சின் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு புரொப்பேன் கோளத் தொட்டியில் இதே வேலைதான் நடந்தது. கீழ் வால்வை முதலில் திறந்துவிட்டு, மேல் வால்வைக் கொஞ்சமாகத் திறந்து அளவு பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் முடிந்து புரொப்பேன் வரத் தொடங்கியதும் பிரஷர் இறங்குகிற இடத்தில் கடுங்குளிர், அந்தக் குளிரில் மேல் வால்விலேயே பனி அடைத்தது. ஒன்றும் வரவில்லை என்று இன்னும் திறந்தார்கள். அடைப்பு பிய்த்துக்கொண்டு பாய்ந்தபோது இரண்டு வால்வையும் மூட முடியவில்லை. மேகம் பக்கத்துச் சாலை வரை போய், ஒரு காரிடம் தீப்பிடித்துத் திரும்பியது. 18 பேர் இறந்தார்கள்.

வரிசை இதுதான். டாங்கை ஒட்டிய மேல் வால்வை முதலில் முழுக்கத் திறக்கவும். கீழ் வால்வை அப்புறம் கால் திருப்பு மட்டும். அளவைக் கீழ் வால்வில்தான் கட்டுப்படுத்த வேண்டும். பனி பிடித்தாலும் அங்கே பிடிக்கும், மேலே ஒரு வால்வு உங்கள் கையில் சும்மா இருக்கும். தண்ணீர் சலசலவென்று விழுவது மாறிப் பைப் முனை வெளுக்கத் தொடங்கியதும் கீழ் வால்வை மூடி, உடனே மேல் வால்வையும் மூடவும். வேலை முடிகிறவரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது, போன் வந்தாலும் சரி (போன் அங்கே இருக்கவே கூடாது), மேனேஜர் கூப்பிட்டாலும் சரி. முடிந்ததும் முனையில் பிளக் அல்லது பிளைண்டு போட்டுவிடுங்கள். காற்றுக்கு முதுகு காட்டி நிற்பது நல்லது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதத்தில் ஒரு மாதிரி, மார்கழியில் நேர் எதிராக அடிக்கும், ஆகவே காற்றுத் திசை காட்டும் துணிக்குழலான விண்ட்சாக்கை ஒவ்வொரு முறையும் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

அளவு பார்ப்பது

ரோட்டோ கேஜ் இருந்தால் அதுவே நம்பகமானது. உள்ளே வளைந்த குழாய், வெளியே கைப்பிடியும் டயலும். குழாய் முனை கேஸ் பகுதியில் இருக்கும்படி வைத்து, சின்னத் துளையைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியாமல் சீறும். மெதுவாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். குழாய் முனை திரவத்தைத் தொட்ட அந்த நொடி சீறல் வெள்ளைப் புகையாக மாறும். அங்கே நிறுத்தி டயலைப் படித்துவிட்டுத் துளையை மூடவும். முகத்தைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், கையுறை கட்டாயம்.

மிதவை கேஜ் சவுகரியம், ஆனால் சிக்கிக்கொள்ளும். மூன்று நாளாக ஒரே அளவு காட்டினால் கம்பெனி கேஸைச் சிக்கனப்படுத்தவில்லை, முள் மாட்டியிருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு இலவச கேஜும் கிடைக்கும்: கேஸ் வேகமாக எடுக்கும்போது திரவம் குளிர்ந்து, திரவம் இருக்கிற உயரம் வரை டாங்க் வியர்க்கும். அந்த ஈரக்கோடும் டயலும் பொருந்துகிறதா பாருங்கள்.

85 சதவீதத்துக்கு மேல் எந்தக் காரணத்துக்காகவும் நிரப்பக் கூடாது. திரவம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 2 முதல் 3 சதவீதம் விரியும். மேலே இடம் இல்லாவிட்டால் அது இடம் தேடும். 20,000 லிட்டர் டாங்கில் 85 சதவீதம் என்பது சுமார் 9 டன்.

சேஃப்டி வால்வு

டாங்க் உச்சியில் இரண்டு சேஃப்டி வால்வு இருக்கும், ஒன்றைச் சோதனைக்குக் கழற்றினாலும் மற்றது முழு வேலையையும் பார்க்கும் அளவுக்கு. அடியில் உள்ள ஐசொலேஷன் வால்வுகள் திறந்த நிலையில் பூட்டியிருக்க வேண்டும். சாவி யாரிடம் என்று எழுதி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை தகுதிபெற்ற ஆளிடம் சோதித்துச் சான்றிதழ் வாங்குவது கட்டாயம். இதற்கிடையில் நீங்கள் பார்க்க வேண்டியது மேலே போகும் வென்ட் பைப். அதன் மழைமூடி லேசாக, தானாகத் திறக்கும்படி இருக்க வேண்டும். கம்பி போட்டுக் கட்டிவைத்திருந்தால் அறுத்துவிடுங்கள். வென்ட் பைப்பின் அடியில் மழைநீர் வடிய ஒரு சின்னத் துளை உண்டு, குளவி அதில்தான் மண்கூடு கட்டும். அடைந்தால் வால்வு தலைமேல் தண்ணீர் நின்று ஸ்பிரிங் துருப்பிடிக்கும்.

வேப்பரைசரும் ரெகுலேட்டரும்

வேப்பரைசர் என்பது திரவத்தைச் சூடாக்கிக் கேஸாக மாற்றுவது. தண்ணீர்த் தொட்டி வகை வேப்பரைசரில் தண்ணீர் மட்டம், வெப்பநிலை, திரவம் கடந்து போகாமல் தடுக்கும் மிதவை, இவை மூன்றும் தினமும். அடியில் தேங்கும் எண்ணெய்ப் பிசுக்கை அவ்வப்போது வடித்துவிடுங்கள், அது நாறும், டப்பாவில் பிடித்து முறைப்படி அப்புறப்படுத்தவும். வேலை முடிந்து மூடும்போது உள்வழி, வெளிவழி இரண்டையும் ஒன்றாக அடைத்துவிடாதீர்கள், உள்ளே திரவம் மாட்டிச் சூடேறும். ரெகுலேட்டர் பனி பிடித்து உறைந்தால் ஒன்று தண்ணீர், இல்லையென்றால் திரவமே வந்துகொண்டிருக்கிறது. இரண்டாவதாக இருந்தால் பர்னரை உடனே நிறுத்துங்கள்.

லோடு இறக்குவது

தென்னிந்திய எல்பிஜி டேங்கர் தொழிலுக்கு நாமக்கல்தான் தலைநகரம், அதனால் வருகிற டிரைவர் பெரும்பாலும் நம்ம ஆள்தான். பேச்சு எளிது, அதுவே ஆபத்தும்.

வண்டி உள்ளே வருமுன் சைலன்சரில் ஸ்பார்க் அரெஸ்டர் பார்க்கவும். நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை வாங்கி உங்கள் பையில் போடுங்கள். சக்கரத்துக்குக் கட்டை. டாங்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று நீங்களே கேஜ் பார்த்து எழுதுங்கள். அதன்பிறகு எர்த் கிளாம்ப், பெயின்ட் இல்லாத வெறும் உலோகத்தில். எர்த் மாட்டிய பிறகுதான் ஹோஸ். ஹோஸில் வெடிப்பு, உப்பல், சோதனைத் தேதி பார்த்து திரவம், கேஸ் இரண்டையும் இணைத்து, வால்வை மெதுவாகத் திறந்து, சோப்புத் தண்ணீர் அடித்து இணைப்பைப் பார்த்துவிட்டுத்தான் கம்ப்ரசரைப் போடுவது. இறக்கும் நேரம் முழுக்க டிரைவர் ஒரு பக்கம், உங்கள் ஆள் ஒரு பக்கம், இருவரும் விழித்திருக்க வேண்டும். முடிந்ததும் வால்வுகளை மூடி, ஹோஸில் உள்ள பிரஷரை வடித்து, கழற்றி, கடைசியாக எர்த். சுற்றிக் கேஸ் வாடை இல்லை என்று உறுதியானால் சாவியைக் கொடுங்கள்.

85-ஐ நெருங்கும்போது ஒரு பேரம் வரும். "அண்ணா, இன்னும் அரை டன்தான் இருக்கு, எடுத்துக்கங்க, திருப்பிக் கொண்டுபோனா எனக்குப் பதில் சொல்லி மாளாது." பாவம்தான். அந்த அரை டன்னுக்கு இடம் இருக்கிறதா என்று ஆர்டர் போடும் முன் கணக்குப் பார்க்காதது அவர் தப்பில்லை. ஆனாலும் எடுக்கக் கூடாது.

துலாவர்ஷ மாதங்களில், அதாவது ஐப்பசி, கார்த்திகையில், மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் வழக்கம். அந்த மாதங்களில் லோடைக் காலையிலேயே வரச்சொல்லுங்கள். இறக்கும் நடுவில் இடி கேட்டால் நிறுத்தி, வால்வுகளை மூடிவிட்டு ஒதுங்குவதுதான் சரி.

எதை எப்போது

தினமும்: அளவு, பிரஷர், வெப்பநிலை, மூக்கால் ஒரு சுற்று. மூக்கை மட்டும் நம்பாதீர்கள். வாடைக்காகச் சேர்க்கும் எத்தில் மெர்காப்டன் புது டாங்கிலும் துருப்பிடித்த டாங்கிலும் குறைந்துபோகலாம். டிடெக்டர் ஓடுகிறதா என்று பேனலில் பாருங்கள்.

வாரம் ஒருமுறை ஃபிளாஞ்சுகளில் சோப்புத் தண்ணீர், வேலிக்குள் புல் வெட்டுதல். அரிவாள் போதும், பெட்ரோல் மெஷினை உள்ளே கொண்டுவர வேண்டாம், காய்ந்த புல்லைக் கொளுத்துவதைப் பற்றி நினைக்கவும் வேண்டாம்.

மாதம் ஒருமுறை ஆர்ஓவி, டிடெக்டர் சோதனை, தண்ணீர் ஸ்பிரே. ஸ்பிரேயைத் திறந்து டாங்கின் அடிப்பக்கம் நனைகிறதா என்று குனிந்து பாருங்கள். மேலே கொட்டும், அடியில் நாசில் அடைத்திருக்கும். சதுர மீட்டருக்கு நிமிடம் 10 லிட்டர் வேண்டும். 20,000 லிட்டர் புல்லட்டின் மேற்பரப்பு சுமார் 45 சதுர மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 450 லிட்டர், ஒரு மணி நேரத்துக்கு 27,000 லிட்டர். கோடையில் உங்கள் தொட்டியில் அவ்வளவு இருக்கிறதா? ஏப்ரலில் போய்ப் பார்த்தால் பல இடங்களில் பாசிதான் இருக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை சேஃப்டி வால்வுச் சோதனை, எர்த் ரெசிஸ்டன்ஸ், கேஜ் கேலிபரேஷன்.

தரைக்கு மேல் உள்ள டாங்குக்கு ஐந்தாண்டுக்குள் ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணீர் நிரப்பிப் பிரஷர் ஏற்றிப் பார்ப்பது. மூன்று மாதம் முன்பே திட்டமிடுங்கள், அந்த நாட்களில் சிலிண்டரில் ஓட்ட வேண்டிவரும். டாங்கைக் காலிசெய்து, நைட்ரஜன் விட்டுக் கேஸை விரட்டி, மீட்டரில் பூஜ்ஜியம் வந்த பிறகே மேன்ஹோலைத் திறப்பது. தண்ணீர் நிரப்பினால் எடை எல்பிஜி இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல், சேடில் அடி கான்கிரீட்டில் வெடிப்பு இருந்தால் அன்றைக்குத்தான் தெரியும், அதனால் முந்தியே பாருங்கள். தடிமன் அளவெடுப்பதில் டாங்கின் அடிவயிறும் சேடில் விளிம்பும் கட்டாயம் வர வேண்டும். போன தடவை எடுத்த அதே புள்ளிகளில் எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

டெஸ்ட் முடிந்து தண்ணீரை வடித்ததோடு வேலை முடிந்துவிடாது. உள்ளே துணியால் துடைத்துக் காயவைத்து, திரும்ப நைட்ரஜன் விட்டுக் காற்றை வெளியேற்றிய பிறகுதான் எல்பிஜி. முதலில் கேஸாக மட்டும் கொஞ்சம் ஏற்றிப் பிரஷர் வந்த பிறகு திரவம். காலி டாங்கில் நேரடியாகத் திரவம் விட்டால் ஓடு பனிபோலக் குளிர்ந்துவிடும். முதல் இரண்டு மூன்று வாரம் டிரெயினை வழக்கத்தைவிட அடிக்கடி பாருங்கள், மிச்சத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்.